துணைக்குப் போனவர்

முட்டி வலிக்கு எந்தக் காலைப் பிடித்துக்கொள்வது என்று கண்டக்டருக்கு முடிவாகவில்லை. போன தடவை இடது காலா, வலது காலா? நிலைக்கண்ணாடி முன்னால் நின்று இரண்டு காலையும் மாற்றி மாற்றி நொண்டிப் பார்த்தார். இடது காலில் நொண்டல் இயல்பாக வந்தது. ஆனால் செல்போன் வீடியோவில் இடது வலதாகத் தெரியுமோ என்று புதுக் கவலை ஒன்று சேர்ந்துகொண்டது.

மகள் கூப்பிடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்து நாலு மாதம் ஆகிவிட்டது. பிரசவத்துக்கு மூன்று வாரம் முன்பே அப்பாவுக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தாள். கிளம்புவதற்கு முதல் நாள் கண்டக்டருக்கு முட்டி வலி வந்தது. மனைவி மட்டும் போனாள். இரண்டு மாதம் கழித்து அவருக்குத் தனியாக இன்னொரு டிக்கெட் வந்தது. அந்த வாரம் தெருவில் திருட்டு பயம் வந்துவிட்டது. அந்தத் தெருவில் முப்பது வருடத்தில் திருட்டுப் போனது ஒரே ஒரு ஜோடி செருப்பு. அதுவும் மறுநாளே கிடைத்துவிட்டது. இருந்தாலும் வீட்டைப் பூட்டிவிட்டுப் போவது சரியில்லை என்று அவர் மனசு சொன்னது.

இது மூன்றாவது டிக்கெட். மனைவியின் விசா இன்னும் ஆறு வாரத்தில் முடிகிறது. அதற்குள் போனால் பேத்தியைக் கையில் தூக்கலாம். இல்லையென்றால் செல்போன் கண்ணாடியைத் தடவிக் கொஞ்சிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

கண்டக்டர் கோழை இல்லை. முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் ஓடியவர். பிரேக் சரியில்லாத வண்டி, தண்ணீர் புரண்ட பாலம், குடித்துவிட்டு ஏறிய கூட்டம், எல்லாம் பார்த்தவர். ஆனால் அந்த வண்டிகளுக்கெல்லாம் அடியில் தரை இருந்தது. ஒரு விசில் கொடுத்தால் நின்றன. இரண்டு விசில் கொடுத்தால் கிளம்பின. ஆகாயத்தில் போகிற வண்டியை யார் விசில் கொடுத்து நிறுத்துவது? நிறுத்தினால் அதைவிடக் கஷ்டம்.

போன் அடித்தது.

"அப்பா, எனக்கு ஒரு உதவி பண்ணணும்," என்றாள் மகள், அவர் நொண்ட ஆரம்பிப்பதற்குள்.

"சொல்லும்மா."

"இங்க எங்களுக்கெல்லாம் ஒரு வாட்ஸப் குரூப் இருக்குப்பா. யாரோட அப்பா அம்மா எந்த விமானத்துல வர்றாங்கன்னு அதுல போடுவோம். தனியா வர்றவங்களுக்குத் துணை சேர்த்து விடுவோம். உங்க விமானத்துல ஒரு அம்மா வர்றாங்க. நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க. முதல் தடவையாம். பயந்து நடுங்கறாங்களாம். நீங்கதான் பார்த்துக் கூட்டிட்டு வரணும்."

கண்டக்டர் பிடித்திருந்த முட்டியை விட்டார். "நானா?"

"நீங்க ஏற்கெனவே ரெண்டு தடவை வெளிநாடு போயிட்டு வந்தவர்னு சொல்லிட்டேன்."

"ஏம்மா அப்படிச் சொன்னே? நான் ஏர்போர்ட் வாசலைக்கூடப் பார்த்ததில்லையே!"

"அப்படிச் சொல்லலேன்னா அவங்க கிளம்பவே மாட்டாங்கப்பா. அவங்களுக்கும் பேத்தி இருக்கு. பயத்துனால பேத்தியைப் பார்க்காமலே இருக்கறது நல்லாவா இருக்கு, நீங்களே சொல்லுங்க?"

திரையில் பேத்தி பெரிதாக ஒரு கொட்டாவி விட்டாள். பல் இல்லாத அந்த வாயைக் கண்டக்டர் கண்ணாடியின் மேல் விரலால் தொட்டார்.

"நல்லா இல்லதான்," என்றார்.

"ஆமா, உங்க முட்டி எப்படி இருக்கு?"

"எந்த முட்டி?" என்றார் கண்டக்டர்.

அன்று மாலையே நர்ஸம்மா கூப்பிட்டார். குரல் நடுங்கியது.

"சார், நீங்க அனுபவப்பட்டவர்னு உங்க பொண்ணு சொல்லிச்சு. எனக்கு ஒண்ணுமே தெரியாது. வாசல்லயே பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் காட்டினாத்தான் உள்ள விடுவாங்களாமே, நிஜமா சார்?"

கண்டக்டருக்கு அது புதுச் செய்தி. "ஆமாமா. அங்கதான் ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு," என்றார், காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அதன் முதுகில் குறித்துக்கொண்டே.

"பெரிய பெட்டியை அவங்ககிட்ட ஒப்படைச்சுட்டு, கைப்பையை மட்டும்தான் நாம வெச்சுக்கணுமாமே?"

"பின்னே?"

"கத்தரிக்கோல், பிளேடு மாதிரி எதுவும் கைப்பையில இருக்கக் கூடாதாமே?"

"மூச்! கூடவே கூடாது." அவருடைய சவரப் பெட்டி அந்த நேரம் கைப்பையில்தான் இருந்தது. கழுத்தைச் சாய்த்துப் போனை இடுக்கிக்கொண்டு அதை வெளியே எடுத்தார்.

"மூணு மணி நேரம் முன்னாடியே போயிடணும்னு..."

"நாலு மணி நேரம்," என்றார் கண்டக்டர். ஒரு விஷயமாவது தானாகச் சொன்னால்தான் மரியாதை என்று பட்டது.

"ஐயோ சார், நீங்க மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆகறது!"

போனை வைத்தபோது தாளில் பதினோரு விஷயங்கள் இருந்தன. எல்லாம் தனக்கு முன்பே தெரிந்தவைதான் என்று ஒரு தெம்பு வந்தது. எழுந்து தண்ணீர் குடிக்கப் போகும்வரை அந்தத் தெம்பு தாங்கியது. இதுவரை போகப்போவது தன் உயிர் மட்டும்தான். இப்போது ஒரு பொம்பளையின் உயிரும் சேர்ந்துவிட்டது.

புது ரூட்டில் டியூட்டி போட்டால் முதல் நாளே சும்மா ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவது டிப்போ வழக்கம். எந்த வளைவில் குழி, எந்த நிறுத்தத்தில் தகராறு என்று தெரிந்துகொண்டால் மறுநாள் கை நடுங்காது. கண்டக்டர் அந்த வழக்கத்தை விடவில்லை. பயணத்துக்கு முதல் நாள் இரண்டு பெட்டிகளையும் கயிறு போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனார்.

வாசலில் துப்பாக்கியோடு ஒரு காவலர் நின்றிருந்தார். டிக்கெட்டைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். திரும்ப டிக்கெட்டைப் பார்த்தார்.

"பயணம் நாளைக்குத்தானே? இன்னிக்கு எதுக்கு வந்தீங்க?"

"ரூட் பார்க்கலாம்னு."

"எந்த ரூட்டு?"

கண்டக்டர் கையை மேலே காட்டினார்.

காவலர் இன்னொரு காவலரைக் கூப்பிட்டார். அவர் ஒரு அதிகாரியைக் கூப்பிட்டார். கயிறுகளை அவிழ்த்தார்கள். பேத்திக்கு வாங்கிய கிலுகிலுப்பையை மூன்று பேர் மாறி மாறிக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்கள். பெயர், விலாசம், பார்த்த வேலை எல்லாம் ஒரு நோட்டில் ஏறியது. அரை மணி நேரம் கழித்து, "போங்க. நாளைக்கு ஒழுங்கா வாங்க," என்று அனுப்பினார்கள். கண்டக்டரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. விமானத்துக்குப் பயந்தது போதாதென்று இப்போது வாசலுக்கும் பயப்பட வேண்டியதாயிற்று.

மறுநாள் அவர் வேறு வாசல் வழியாகப் போய்விடலாம் என்று திட்டம் போட்டிருந்தார். ஆனால் நர்ஸம்மா நேற்றைய வாசலுக்கு நேரேதான் நின்றிருந்தார். குள்ளமான உருவம், ஒரே ஒரு சின்னப் பெட்டி, சட்டென்று கழற்றி மாட்டுகிற மாதிரி செருப்பு. பாஸ்போர்ட்டைத் துணிப்பையில் வைத்து இடுப்பில் ஊக்குப் போட்டுக் குத்தியிருந்தார்.

"தொலைஞ்சுடுமோன்னு பயம் சார். யார் கையிலயும் கொடுக்க மாட்டேன்," என்றார். பிறகு, "உங்களை அண்ணான்னு கூப்பிடட்டுமா? கொஞ்சம் தைரியமா இருக்கும்," என்றார்.

"தாராளமா."

காவலர் கண்டக்டரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "நேத்து வந்தவர்தானே?"

நர்ஸம்மா வாயைப் பிளந்தார். "நேத்துமா போயிட்டு வந்தீங்க அண்ணா?"

"ம்," என்றார் கண்டக்டர். வேறு என்ன சொல்வது?

அதற்குப் பிறகு எல்லா இடத்திலும் நர்ஸம்மா அவருக்கு அரை அடி பின்னால் வந்தார். வரிசை பிரிகிற இடங்களில் அவருடைய கேள்வி சரியாக வந்து விழுந்தது. "அண்ணா, நம்ம கவுண்டர் அந்த நீலப் பலகைதானே?" "அண்ணா, பெல்ட்டைக் கழட்டித் தட்டுல வைக்கச் சொல்வாங்களாமே?" ஒவ்வொன்றுக்கும் கண்டக்டர், "ஆமா, வாங்க," என்று முன்னால் நடந்தார்.

பெல்ட்டைக் கழற்றினார். கால்சட்டை இறங்கத் தொடங்கியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு சட்டம் போன்ற வாசலுக்குள் நுழைந்தபோது அது கீச்சென்று கத்தியது. கண்டக்டருக்கு உயிர் போய்விட்டு வந்தது.

அதிகாரி அவர் சட்டைக்குள் கையை விட்டு, கழுத்துக் கயிற்றிலிருந்து ஒன்றை வெளியே இழுத்தார். "என்ன இது?"

"விசில்."

"எதுக்கு?"

"முப்பத்தொரு வருஷமா கழுத்துல கிடக்கு சார். இது இல்லேன்னா மூச்சு வர்ற மாதிரி இல்ல."

அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். "கொண்டு போங்க. உள்ள ஊதிடாதீங்க."

"சேச்சே!"

காத்திருக்கும் கூடத்தில் கண்ணாடிக்கு வெளியே விமானம் நின்றிருந்தது. அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. அவ்வளவு கனம் மேலே போனால் எப்படிக் கீழே வராமல் இருக்கும்? முட்டி, நிஜமாகவே, வலிக்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் போக வழி எது என்று கண்கள் தேடின.

"அண்ணா," என்று நர்ஸம்மா தன் போர்டிங் பாஸை நீட்டினார். "இதை நீங்களே வெச்சுக்கங்க. என் கை நடுங்குது."

ஓடுவதற்கு இருந்த யோசனை அதோடு போயிற்று. கண்டக்டர் இரண்டு பாஸையும் நீளவாக்கில் மடித்து விரல் இடுக்கில் செருகிக்கொண்டார்.

"எங்க ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்குப் போறவங்க இப்படித்தான் நடுங்குவாங்க," என்றார் நர்ஸம்மா. "அவங்க கையில ஏதாவது ஒண்ணைக் கொடுத்து, இதைக் கொஞ்சம் பத்திரமாப் பிடிச்சுக்கங்கன்னு சொல்லிடுவோம்."

"பிடிச்சுக்கிட்டா?"

"பயம் போயிடுமாம். எனக்கு என்ன தெரியும்? இன்னிக்கு நானே பயந்துகிட்டு இருக்கேன்."

விமானத்துக்குக் கூப்பிட்டார்கள். கண்டக்டர் எழுந்தார். பயம் தலைக்கு ஏறினால் கை அதன் பழக்கத்துக்குப் போய்விடும். வரிசை நகர நகர, அவர் விரல்கள் தாமாகவே இரண்டு போர்டிங் பாஸையும் ஓரத்தில் பாதி தூரம் கிழித்துவிட்டன. இயந்திரம் சிவப்பு விளக்குப் போட்டது.

"யாருங்க இதைக் கிழிச்சது?" என்றாள் அங்கே நின்ற பெண்.

"செக்கிங்ல கேட்டா கிழிச்சிருக்கணுமே," என்றார் கண்டக்டர், பரிதாபமாக.

புது பாஸ் அச்சடித்து வரும்வரை முன்னூறு பேர் அவரை முறைத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் இவர்கள் இருவரும்தான் ஏறினார்கள்.

நர்ஸம்மா ஜன்னல் இருக்கையை அவருக்குக் கொடுத்தார். "எனக்கு வெளிய பார்த்தா பயம் அண்ணா. பெல்ட்டை இந்த மூடியைத் தூக்கினாக் கழட்டிடலாமாமே?"

"ஆமா," என்றார் கண்டக்டர், ஐந்து நிமிடமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்.

விமானம் உறுமியது. ஓடியது. பஸ் எதுவும் ஓடாத ஓட்டம். இத்தோடு சரி, பேத்தி போட்டோவில் இருக்கும் தாத்தாவைத்தான் பார்ப்பாள் என்று கண்டக்டர் முடிவுகட்டினார்.

"அண்ணா, கையைப் பிடிச்சுக்கட்டுமா?"

"பிடிச்சுக்கங்க, பிடிச்சுக்கங்க," என்று அவசரமாக நீட்டினார். யார் யார் கையைப் பிடித்தது என்று சொல்ல முடியாத பிடி. தரை போய்விட்டது. கண்ணைத் திறந்தபோது நர்ஸம்மா தலை தொங்க, வாய் லேசாகத் திறந்து, அசையாமல் கிடந்தார்.

போச்சு. பயத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மகளுக்கு என்ன பதில் சொல்வது? கண்டக்டர் தலைக்கு மேல் இருந்த பொத்தான்களையெல்லாம் அமுக்கினார். விளக்கு எரிந்தது, காற்று அடித்தது, கடைசியில் பணிப்பெண் ஓடி வந்தாள்.

"இந்தம்மா மயங்கிட்டாங்க!"

பணிப்பெண் குனிந்து கேட்டாள். "சார், குறட்டை விடறாங்க."

நர்ஸம்மா விழித்துக்கொண்டார். ஒரு கணம் இருவரையும் பார்த்தார். "ஆமாம்மா, கிறுகிறுன்னு வந்துச்சு. பயம்," என்றார். பிறகு கண்டக்டர் பக்கம் திரும்பி, "அண்ணா, அந்த இறக்கையைக் கொஞ்சம் பார்த்துக்கிட்டே இருங்களேன். லேசா ஆடினா பரவாயில்லைன்னு சொல்றாங்க. நீங்க பார்த்துக்கிட்டா நான் நிம்மதியாக் கண்ணை மூடுவேன்," என்றார்.

கண்டக்டர் இறக்கையைப் பார்த்துக்கொண்டார். சாப்பாட்டுத் தட்டு வந்தபோதும் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூன்று மணி நேரம் அந்த இறக்கை அவருடைய பொறுப்பில் பத்திரமாக இருந்தது.

நாலாவது மணியில் விமானம் குதித்தது.

முதலில் ஒரு சின்னக் குலுக்கல். அடுத்து, குழியில் இறங்குவதுபோல ஒரு சறுக்கல். வயிறு மேலேயும் உடம்பு கீழேயும் போயின. இறக்கை லேசாக அல்ல, நன்றாகவே ஆடியது. பின்னால் யாரோ வீறிட்டார்கள். இன்னொரு சறுக்கல். கண்டக்டரின் கை, அவரைக் கேட்காமல், கழுத்துக்குப் போனது.

நீளமாக ஒரே விசில். முப்பத்தொரு வருடம் எந்த டிரைவரையும் நிற்க வைத்த விசில்.

விமானம் முழுக்க அமைதியானது. குழந்தைகள்கூட அழுகையை நிறுத்தின. அதே நொடியில் குலுக்கலும் நின்றது.

"ஸ்டாப்பிங் வந்துடுச்சா?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

பணிப்பெண்கள் மூன்று பேர் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்த மூத்தவள் முன்பக்கத்திலிருந்து கடைசியாக வந்தாள். கையை நீட்டினாள். கண்டக்டர் விசிலைக் கழற்றிக் கொடுத்தார். கழுத்து அம்மணமானது போல் இருந்தது.

"அவசர நேரத்துல நாங்க கொடுக்கிற சைகைன்னு ஜனங்க நினைச்சு எழுந்து ஓடியிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்றாள். இருக்கை எண்ணைக் குறித்துக்கொண்டாள். "இறங்கினதும் நீங்க எழுந்திருக்கக் கூடாது. அதிகாரிங்க வருவாங்க."

மீதி நேரம் கண்டக்டர் இறக்கையைப் பார்க்கவில்லை. அது விழுந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. கைது பண்ணுவார்கள். வந்த வழியே திருப்பி அனுப்புவார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேத்தி இருப்பாள். பார்க்காமலே மறுபடியும் இதே மாதிரி பறக்க வேண்டும்.

"ஊர்ல நாலு பேர் கேட்டா என்னம்மா சொல்வேன்?" என்றார்.

"பயப்படாதீங்க அண்ணா," என்றார் நர்ஸம்மா. "நீங்க எத்தனை தடவை வந்தவரு!"

விமானம் தரையைத் தொட்டது. எல்லாரும் இறங்கினார்கள். இவர்கள் இருவர் மட்டும் காலி இருக்கைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். மூத்த பணிப்பெண்ணும் சீருடை போட்ட இரண்டு பேரும் வந்தார்கள்.

"நான் ஒரு வார்த்தை பேசிட்டு வர்றேன்," என்று நர்ஸம்மா எழுந்தார்.

"உங்களுக்கு எதுக்கும்மா வம்பு? நீங்களே பயந்தவங்க..."

நர்ஸம்மா அவர்களைத் தள்ளிக்கொண்டு போய் ஏதோ சொன்னார். சீருடைக்காரர்களில் ஒருவர் கண்டக்டரை எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். மூத்த பணிப்பெண் வந்து, விசிலை அவர் உள்ளங்கையில் வைத்து, "நல்லபடியாப் போயிட்டு வாங்க சார்," என்றாள். தன் முகத்தில் இருந்த கம்பீரத்தைப் பார்த்துத்தான் விட்டுவிட்டார்கள் என்று கண்டக்டருக்குத் தோன்றியது. ஆபத்தில் நர்ஸம்மாவுக்கே கொஞ்சம் தைரியம் வந்திருந்ததும் அவருக்குத் திருப்தியாக இருந்தது. எல்லாம் தன் கூட வந்த பழக்கம்.

பாஸ்போர்ட் சோதிக்கும் வரிசையில் அவரிடம் அதிகாரி நாலு கேள்வி கேட்டார். நாலுக்கும் அவர், "பேத்தி," என்றே பதில் சொன்னார். பக்கத்து வரிசையில் நர்ஸம்மாவின் பாஸ்போர்ட்டில் அங்கிருந்த அதிகாரி முத்திரை குத்த இடம் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். பாவம், அங்கேயும் என்ன சிக்கலோ.

வெளியே தடுப்புக் கம்பிக்குப் பின்னால் மகள் நின்றாள். மனைவி நின்றாள். மனைவியின் தோளில் நாலு மாதப் பேத்தி.

கண்டக்டர் பெட்டிகளை நடுவழியில் விட்டுவிட்டு ஓடினார். முட்டி எதுவும் சொல்லவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டார். போனில் தெரிந்ததைவிடக் கனமாக, சூடாக இருந்தாள். அவள் கை, மறுபடி அவர் கழுத்துக்கு வந்திருந்த விசிலைப் பிடித்து இழுத்து வாய்க்குக் கொண்டுபோனது.

"என்னங்க, வழியில ஒண்ணும் பயமில்லையே?" என்றாள் மனைவி.

"எனக்கென்ன பயம்?" கண்டக்டர் நெஞ்சை நிமிர்த்தினார். "இந்தம்மாதான் பாவம். ஒரு இடத்துல மயக்கமே போட்டுட்டாங்க. நான் இல்லேன்னா என்ன ஆகியிருக்குமோ!"

"அண்ணன் இல்லேன்னா நான் இந்த விமானத்துல ஏறியே இருக்க மாட்டேன்," என்றார் நர்ஸம்மா. மகள் குனிந்து, நர்ஸம்மா தள்ளிக்கொண்டு வந்திருந்த அப்பாவின் பெட்டியின் கயிற்றைச் சரிசெய்தாள்.

"உங்க பேத்தி எங்கம்மா? பொண்ணு வரலையா?" என்று கண்டக்டர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு ஒரு டிரைவர் வேகமாக வந்தார். நர்ஸம்மாவின் சின்னப் பெட்டியைப் பழகிய கையால் வாங்கிக்கொண்டார்.

"வாங்கக்கா, நாளைக்குக் காலையிலயே நீங்க திரும்பணும், டிக்கெட் வந்தாச்சு. அடுத்தவர் ஒரு ரிட்டயர்ட் போலீஸ் அதிகாரி, முட்டி வலின்னு மூணு தடவை கேன்சல் பண்ணினவராம். அவர்கிட்டயும் வழக்கம்போல நீங்க முதல் தடவை வர்றவங்க, பயந்தவங்கன்னு சொல்லி வெச்சிருக்காங்க!"